களத்தோரத் தொட்டி

உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியை வடகரப்பதி கிராமத்து வீட்டு மாடியில் வைக்கத்தான் தனபாலுக்கு ஆசை.

"தண்ணி ரொம்புனா மாடி தாங்காதுங்க" என்றார் பொருத்த வந்தவர். வேப்பமரத்தடியிலோ தலைக்கு மேல் கரண்ட் கம்பி.

"நெல்லுக் களத்தோரம் வெச்சுக்க கண்ணு. சிமெண்டுத் தரை, தண்ணி வடிய வாய்க்காலும் இருக்குது" என்றாள் அம்மா சரஸ்வதியம்மாள். நேற்றுவரை தொட்டியே வேண்டாம் என்று முறைத்தவள்!

"நல்ல இடமுங்க. ஷாக் அடிச்சா தானா அணையற சுவிட்சும் போட்டுடறேன்."

"கோழி ஏறாம மூடி இருக்குதுங்களா?" என்று கேட்டாள் அம்மா.

அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டதே என்று தனபால் உருகிப்போனான்.

ஞாயிறு காலை, துண்டைக் கட்டிக்கொண்டு மூடியைத் திறந்தான். தொட்டி நிறைய நெல்.

"எறங்கீராத கண்ணு! புழுங்கலுக்கு ஊறுது. நீ போயி பம்புசெட்டுல குளி."