டாக்டர் கேட்காத கேள்வி

"கொலை பண்ணது யாருன்னு நாப்பதாம் பக்கத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கடைசியில பாத்தா எழுதினவன் ஏமாத்திட்டான்," என்று புத்தகத்தை மேசையில் போட்டார் எவ்கென்.

எங்கள் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். இப்போது ஓய்வு. எல்லோருடைய வியாதியும் தனக்குத் தெரியும் என்று ஒரு எண்ணம்.

மாதம் ஒருமுறை சாயங்காலம் நூலகத்தில் கூடுவோம். ஒரே புத்தகத்தை எல்லோரும் படித்துவிட்டு வந்து பேசுவோம். நான் முடிவெட்டும் கடை நடத்துகிறவள். நாளெல்லாம் நிற்கிற கால். அங்கே உட்காரத்தான் போகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

வெளியே மலையிலிருந்து இறங்கும் பூர்யா காற்று கதவுகளை உலுக்கிக்கொண்டிருந்தது.

அந்த மாதம் ஒரு கொலைக்கதை. பேரரசர் காலத்தில் நடப்பது. மாவு மில் முதலாளியம்மா ஆற்றில் பிணமாகக் கிடக்கிறாள். அவளுடைய தங்கை லூத்ஸியாவுக்குப் புத்தி சரியில்லை, காதில் குரல்கள் கேட்கும். ஊரே அவளைச் சந்தேகிக்கிறது. கடைசியில் பார்த்தால், கொன்றது அந்தக் குடும்பத்து டாக்டர்.

"இத்தனை பக்கம் அந்தப் பைத்தியத்தக் காட்டிக் காட்டிப் பயமுறுத்திட்டு, டாக்டராம்! யார் நம்புவா?" என்றார் எவ்கென்.

"அவ செஞ்சாளோ இல்லையோ, அவள நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு," என்றாள் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் பாவ்லா. "அந்த மாதிரி ஆளுங்கள வீட்டுல வச்சுக்கலாமா? எங்கயாவது பூட்டி வைக்கணும்."

பாவ்லா கெட்டவள் இல்லை. என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தினமும் சூப் கொண்டுவந்து கொடுத்தவள்.

நூலகர் மிலோய்கா தலை நிமிராமல் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவள். கதையில் வரும் யாரையாவது நாங்கள் குறை சொன்னால் சண்டைக்கே வந்துவிடுவாள். அன்றைக்கு அது இல்லை. கண்கள் உள்ளே போயிருந்தன.

"வேற யாராவது?" என்று கேட்டாள். யாரும் பேசாதீர்கள் என்று சொல்வதுபோல இருந்தது.

"டாக்டர்தான்னு எனக்கு மொதல்லயே தெரியும்."

திரும்பிப் பார்த்தோம். செய்தித்தாள் மேசையில் ஒருவர். நரைத்த தலை. சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். அந்த முடியை நான் வெட்டியதில்லை. யாரோ அவசரமாக, கோணலாக வெட்டியிருந்தார்கள்.

"எப்படி?" என்றார் எவ்கென், சவால் விடுவதுபோல.

"அந்தப் பொண்ணுகிட்ட எல்லாரும் ஏதாவது கேக்கறாங்க. சாப்பிட்டியா, குளிருதா, நீதான் கொன்னியா. போலீஸ்காரன்கூடக் கேக்கறான். டாக்டர் மட்டும் அவகிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கல. அவளப் பத்தி மத்தவங்ககிட்டதான் பேசறாரு." கொஞ்சம் நிறுத்தினார். "அவருக்குத்தான் பதில் தெரியுமே."



எவ்கென் புத்தகத்தை எடுத்துப் பரபரவென்று புரட்டினார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட, ஆமாய்யா! தெளிவான மூளைன்னா இது. வாங்க, இங்க வந்து உக்காருங்க. இந்தக் கூட்டத்துல புத்தியுள்ள ஆளு ஒருத்தராவது வேணும்."

நாற்காலி இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். பாவ்லா தான் செய்துகொண்டு வந்த அக்ரூட் வைத்துச் சுருட்டிய பொத்தீத்சா கேக்கில் ஒரு துண்டு வெட்டி அவர் முன்னால் வைத்தாள்.

"உங்கள இங்க பாத்ததே இல்லையே. எந்த ஊரு?"

அவர் மிலோய்காவைப் பார்த்தார்.

"ஜெர்மனி," என்றார். பாடம் ஒப்பிப்பதுபோல இருந்தது குரல். "கார் கம்பெனியில வேல. பேரு ராதிவோய். அக்கா சொல்லியிருப்பாங்களே."

எங்களுக்கு ஒரே சந்தோஷம். மிலோய்காவின் தம்பி! பல வருஷமாகக் கேள்விப்பட்டுக்கொண்டிருந்தோம். கிறிஸ்துமஸுக்கு அவர் அனுப்பியதாக எங்களுக்குச் சாக்லேட்டுகூட வரும். எவ்கென் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வேண்டாம்டா," என்றாள் மிலோய்கா.

காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"இவன் ஜெர்மனிக்குப் போனதே இல்ல. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியிலதான் இருந்தான். இத்தன வருஷமும். போன வாரந்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்."

மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது மனநல ஆஸ்பத்திரி என்று எங்கள் பள்ளத்தாக்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எவ்கெனின் கை ராதிவோயின் கையிலேயே இருந்தது. எடுப்பதா வைத்திருப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் பாவ்லா அதைச் செய்தாள். தெரிந்து செய்தாளா, தெரியவில்லை. பொத்தீத்சா வெட்டிய கத்தியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ராதிவோய் பார்த்தார். பார்த்துவிட்டு, எவ்கெனிடமிருந்து கையை விடுவித்து, குழந்தைகள் வகுப்பில் வைப்பதுபோல, இரண்டு கைகளையும் மேசைமேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எடுத்து வைத்தார்.

மிலோய்காவும் பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டுக்குக் கிளம்புவதற்காகத் தன் கோட்டை எடுக்கப் போனாள்.

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் நாள் முழுக்கக் கத்தரிக்கோலோடு நிற்கிறவள் நான். என் கை எட்டிப்போய் பாவ்லா முன்னாலிருந்த கத்தியை எடுத்துவிட்டது. பிடியைத் திருப்பி அவரிடம் நீட்டினேன்.

"எனக்கும் ஒரு துண்டு வெட்டிக் குடுங்க."

அவர் வாங்கினார். மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு வரும் நடுக்கம். அந்தக் கை அசையும்போது அந்த அறையில் யாரும் மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை.

அவர் வெட்டிய துண்டு ரொம்பப் பெரியது. ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு.

மிலோய்கா கோட்டோடு அப்படியே உட்கார்ந்தாள்.

பசியே இல்லை எனக்கு. முழுவதையும் சாப்பிட்டேன்.