ஜெராட்டின் பெயரில் போன விரல்கள்

இல்லாத இரண்டு விரல்களும் குளிரில் விண் விண்ணென்று வலிக்கின்றன. அருளப்பு வலக்கையைக் கோட்டுப் பைக்குள் திணித்தபடி, மிசிசாகா போகும் ரயிலில் ஜெராட்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். பழைய சிநேகிதன் வழமையாகப் போகும் ரயில் இதுதான் என்று விசாரித்தே ஏறியிருக்கிறான். கனடாவுக்கு வந்த புதிதில், வேலை செய்ய அனுமதியில்லாத அருளப்பு ஜெராட்டின் பெயரில்தான் பாண் சுடும் பக்டரியில் மா குழைக்கும் மெஷினில் நின்றான். விரல்கள் போனதும் ஆஸ்பத்திரியிலும் அந்தப் பெயரையே சொன்னான். ஆகவே சட்டப்படி விரல் இழந்தவன் ஜெராட். அந்த ஜெராட்டின் பத்து விரல்களும் இப்போது கோப்பிக் குவளையைச் சுற்றிப் படர்ந்து, பனி வெளிச்சத்தில் மோதிரம் மினுங்கக் கிடக்கின்றன. அவன் நீட்டிய இன்னொரு குவளையை வாங்க அருளப்பு கையை வெளியே எடுக்கிறான். பக்கத்தில் இருக்கும் ஜெராட்டின் மகள் ஸ்டெபனி முகத்தைச் சுளிக்கிறாள். "ஓ மை கோட், அங்கிள், கைக்கு என்ன நடந்தது?" "ஊரில சண்டைக்குள்ள செல் விழுந்து வெடிச்சது பிள்ளை," என்று ஜெராட் முந்திக்கொள்கிறான். "உவன் ஓடத் தெரியாத மொக்கன்." மகளும் சிரிக்கிறாள். அருளப்பு முன்னால் சாய்கிறான். "மச்சான், நட்டஈடு தாற கொம்பன்சேசன் ஒவ்பிசில வந்து ஒருக்கா உள்ளதைச் சொல்லு. எனக்கு வேற ஆளில்லை." "உதென்ன கதை இப்ப? கோப்பி ஆறுது, குடி." ரயில் பாலத்தில் ஏறித் தடதடக்கிறது. ஜெராட் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான். அன்று மெஷினில் நின்றது தானல்ல, அருளப்பு என்கிற ஒரு வார்த்தை அவனிடம் இன்னும் கடனாகவே கிடக்கிறது.