கோத்தகிரி வீட்டில் நான்காவது ஆள்

ஏப்ரல் 18, 2041

கோடை விடுமுறைக்காகக் கோத்தகிரி வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்ததில் சிறு தவறு செய்துவிட்டேன். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதை நாம் எழுத முடியாது. ஒரு வாரம் கைப்பேசி வழியாக நம் பேச்சைக் கேட்டு அந்த வீடே முடிவு செய்துகொள்ளும். இதை நான் யாரிடமும் முன்பே சொல்லவில்லை. எல்லோரும் இயல்பாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது சரியா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மாலை வகுப்பு முடிந்து வந்தபோது பதில் வந்திருந்தது. வீடு ஒரு வாரமாக நம் பேச்சைக் கேட்டதை எல்லோரிடமும் சொல்லிவிட்டுச் சத்தமாகப் படித்தேன். குடும்பத்தினர் மூன்று பேர், சமையல் பணியாள் ஒருவர். பணியாளுக்குப் பின்பக்கம் தனி அறை.

"பணியாளா? நம்ம வீட்ல யாரு பணியாள்?" என்றார் அப்பா. பிறகு உள்ளே பார்த்து, "சுகன்யா, தண்ணி கொண்டா" என்றார்.

தம்பி மகிழன் சிரித்தான். "அப்பா, அந்த வீடு இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்குது."

அம்மா சொம்போடு வந்தார். "தனி ரூமா? உள்ள தாழ்ப்பாள் இருக்குதான்னு கேளு கண்ணு."

"அம்மா, அது வேலைக்காரங்களுக்கு."

"தெரியுது. தாழ்ப்பாள் இருந்தாச் சரி."

அப்பா தண்ணீரைக் குடித்தார். மலைக்குப் போகலாம் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது அம்மாதான்.

மறுபரிசீலனைக்கு எழுதிப் போட்டேன். வீடு இன்னும் ஒரே ஒரு நாள் கேட்குமாம்.

நாளை செய்ய வேண்டியது: அம்மாவிடம் காபிகூடக் கேட்காமல் கொஞ்ச நேரம் பேச வேண்டும். எதைப் பற்றி என்று காலையில் யோசிக்க வேண்டும்.