ஏழு பேர்

"ஏழு பேரா? ஏழு பேரும் கை தவறி அழுத்தியிருப்பாங்க!"

அண்ணி சிரித்த சிரிப்பில் தொட்டிலில் இருந்த குழந்தை திடுக்கிட்டு விழித்தது.

அவளுக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. கணவனின் அக்காவான அண்ணி இந்த வீட்டில் அவளுக்கு வைத்த பெயரே 'வாயில்லாப்பூச்சி'.

"ஆறாங்கிளாஸோட நின்னவ கதை எழுதறாளாம், அதை ஏழு பேரு தினமும் படிக்கிறாங்களாம். பிரவுசிங் சென்டர் நடத்தறவ நானு. இன்டர்நெட்டுல எது நிஜம், எது டூப்புன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

ஆனால் ஏழு பேர் இருக்கிறார்கள். அது பொய்யில்லை.

முதலில் சேர்ந்த கதை எழுதும் ஆப் எடுத்த எடுப்பிலேயே போட்டோ கேட்டது. வெட்கப்பட்டு மூடிவிட்டாள். இரண்டாவதில் ஒரு மாதம் எழுதினாள். ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாவதில் மைக் படத்தை அழுத்திவிட்டுப் பேசினால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும். நடுவில் குழந்தை சிணுங்கினால் அதையும் ஏதோ ஒரு வார்த்தையாக்கிக் கதைக்குள் போட்டுவிடும். எது தன் வார்த்தை, எது பிள்ளையின் வார்த்தை என்று பிரித்தெடுப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும்.

மேகங்களைத் துவைத்து, காயவைத்து, மடித்து, அலமாரியில் அடுக்குகிற ஒருத்தியின் கதை அது. தினம் ஒரு பக்கம். அலமாரிக்குப் பின்னால் ஒரு கதவு உண்டு. அது இன்னும் திறக்கவில்லை.

காலை ஒன்பதரைக்குப் பார்த்தால், அன்றைய பக்கத்துக்குக் கீழே, சின்னக் கண் படத்துக்குப் பக்கத்தில் 7 என்று இருக்கும். நாள் தவறாமல் ஏழு.

அந்த ஏழு பேரை அவள் பார்த்ததில்லை. ஆனால் நன்றாகத் தெரியும். ஒருவர் கப்பலில் வேலை செய்கிறவர். ஒருத்தி டியூட்டி முடிந்து பஸ்ஸில் திரும்புகிற நர்ஸ். ஒருத்தி அவளைப் போலவே கைக்குழந்தைக்காரி. ஒருவர் லிஃப்ட் இயக்குகிறவர், மாடிக்கு ஒரு வரியாகப் படிப்பார். குழந்தைத் துணிகளை மடிக்க உட்கார்ந்தால், ஏழு பேரும் சத்தமில்லாமல் வந்து சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். அவர்கள் முன்னால் மட்டும் அவளுக்கு வாய் உண்டு.

ஒருநாள் 6 என்று இருந்தது.

பத்து மணிக்குப் பார்த்தாள். ஆறு. குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுப் பார்த்தாள். ஆறு. போனது யார்? லிஃப்ட்காரரா? நர்ஸா? நேற்றைய பக்கம் அவ்வளவு மோசமா?

ஒவ்வொருத்தராகக் கழன்றுகொள்வதற்கு முன்னால், தானே மூடிவிட்டால் தேவலை என்று தோன்றியது.

சாயங்காலம் அண்ணி கடையிலிருந்து வந்ததும், தைரியத்தைக் கூட்டிக்கொண்டு கேட்டாள்.

"அண்ணி, அந்தக் கதையெல்லாம் எப்படி அழிக்கறது? நீங்களே அழிச்சுக் குடுத்துடுங்க."

"ஏன், என்னாச்சு உன் ஏழு பேருக்கு?"

"ஆறாயிட்டாங்க."

அண்ணி கை கழுவுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"ஒருத்தருக்கு உடம்பு முடியாம இருக்கும். ஒருநாள் லீவு போடக்கூடாதா மனுஷன்? அழிக்கறதெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம், போ. எனக்கு ஆயிரம் வேலை கெடக்கு."

சொல்லிவிட்டு, ஈரக்கையோடு போனை எடுத்து யாரையோ பிடிபிடியென்று பிடித்தாள்.

"இங்க பாருங்க மெக்கானிக், அந்த மூலை சிஸ்டம் காலைலேர்ந்து படுத்துக் கெடக்கு. நாளைக்கு ஒன்பது மணிக்குள்ள ஓடணும். கஸ்டமர் வர்றாங்களோ இல்லையோ, எனக்கு ஓடணும்!"

பாவம் மெக்கானிக், என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எழுதவே கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் காலையில் குழந்தை தூங்கியதும், வெளியே மேகம் ஒன்று மடிக்காத போர்வை மாதிரி கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவள் மைக்கை அழுத்திவிட்டாள். அலமாரிக்குப் பின்னால் இருக்கிற கதவை, அந்தப் பக்கமிருந்து யாரோ தட்டினார்கள்.

ஒன்பதரைக்கு 7.

போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். லிஃப்ட்காரருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

மத்தியானம் மறுபடி பார்த்தாள். 8.

கீழே, முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு வரி எழுதியிருந்தார். 'யாருங்க தட்டினது? நாளைக்காவது கதவைத் திறப்பாளா? எனக்கு இங்க வேலையே ஓடலை.'

எழுத்துக் கூட்டிக் கூட்டி, குழந்தைக்கும் ஒருமுறை படித்துக் காட்டினாள்.

சாயங்காலம் அண்ணி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"என்ன வாயில்லாப்பூச்சி, திரும்பி வந்துட்டாரா உன் ஏழாவது ஆளு?"

"வந்துட்டாரு அண்ணி. கூட இன்னொருத்தரும் வந்திருக்காரு. மொத்தம் எட்டு."

ஒரு கால் செருப்போடு அண்ணி அப்படியே நின்றுவிட்டாள்.

"எட்டா? அதெப்படி? கடைல இருக்கறதே ஏழு கம்ப்யூட்டர்தானே!"