வெள்ளைக்கோழி கொலை வழக்கு

மதிலுக்கு இந்தப் பக்கம் பங்களாக் கோழிகள், அந்தப் பக்கம் தெருக்கோழிகள். ஒரு நாள் பங்களாவின் வெள்ளைக்கோழியைக் காணோம். மதில்மேல் பதித்த கண்ணாடிச் சில்லில் ஒரு பிடி வெள்ளை இறகு சிக்கியிருந்தது.

"கொலைதான்" என்று முடிவுகட்டிய பங்களா வான்கோழி, நேரே போய்த் தெருச்சேவலைப் பிடித்தது. அந்தச் சேவலின் கழுத்தில் ஓர் இறகுகூடக் கிடையாது. வழிவழியாக மொட்டைக் கழுத்து.

"உண்மையைச் சொல்லுடா. அவளை என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலைங்கய்யா. எங்கேயாவது நல்லா இருப்பாங்க."

எவ்வளவு கொத்தியும் சேவல் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

விசாரணை ஒரு மாதம் இழுத்தது. ஒரு காலையில் தெருப்பக்கத்து வைக்கோல் போருக்குள்ளிருந்து வெள்ளைக்கோழி நிதானமாக வெளியே வந்தது.

"உயிரோடவா இருக்கே? அப்போ அந்த இறகு?"

"தாண்டும்போது சில்லு கீறிடுச்சு" என்றது கோழி.

அதன் பின்னால் ஏழு குஞ்சுகள் வந்தன. ஏழுக்கும் மொட்டைக் கழுத்து.

வான்கோழி குஞ்சுகளைப் பார்த்தது, சேவலைப் பார்த்தது.

"கொலையாவே இருந்திருந்தா தேவலை" என்றது.

வெள்ளைக்கோழி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குப்பையைக் கிளறி, "வாங்கடா கண்ணுங்களா, சாப்பிடலாம்" என்று கூப்பிட்டது.

முதலில் ஓடி வந்தது சேவல்.