முந்நூறாவது முகம்

எழுபத்திரண்டு மணி நேரக் கணக்கெடுப்பில் நான்கு நிமிடங்களே மீதம் இருந்தன. அதற்குள் இந்தக் குடிசை மாற்று வாரியக் காலனியில் குடியிருக்கும் முந்நூறு பேராவது ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுநர் இல்லாத அந்தப் பேருந்து இந்த நிறுத்தத்தை மறந்துவிடும். பிறகு பிரதான சாலைக்கு மூன்று கிலோமீட்டர் நடைதான்.

இதுவரை ஏறியவர்கள் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர்.

"இன்னும் ஒரே ஒருத்தர்! ஓடி வாங்கப்பா!" கணக்கெடுப்புக் குழுத் தலைவர் தணிகைவேல் குடையைத் தூக்கி ஆட்டினார்.

"அண்ணே, நாம எண்ண வந்தோமா, ஆள் பிடிக்க வந்தோமா?" ரெஜினா சிரித்தாள்.

"நீ சும்மா இரு. வண்டி வந்துடுச்சு பாரு!"

மேக்டலின் வண்டியை நோக்கி நடந்தாள். மூன்று நாளும் குழுவில் முதல் ஆளாக வந்து நின்றவள் அவள்தான். வீடு அடையாறில் என்று சொல்லியிருந்தாள்; அங்கிருந்து இவ்வளவு சீக்கிரம் எப்படி வருகிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி ரெஜினாவிடம் கொடுத்துவிட்டு ஏறினாள்.

"ஏம்மா, நம்ம ஆளுங்கள அது எண்ணாது, எறங்கு!" என்று தணிகைவேல் கத்தினார்.

"உங்கள் வீடு எங்கே?" என்று பேருந்து கேட்டது.

குழு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சத்தமாகவே சொன்னாள்.

"இதே காலனிதான். நாப்பத்திரெண்டாவது பிளாக், நாலாவது மாடி."