நடித்தவர்கள் பார்க்காத படம்

டுக்கு டுக்கு டுக்கென்று ஜெனரேட்டர் உறுமத் தொடங்கினால் போதும், சின்ன வயதில் இலட்சுமி சோற்றுக் கோப்பையோடு கடற்கரைக்கு ஓடுவாள். கோயில் திருவிழாவுக்குப் படம் போடுகிறார்கள் என்று அர்த்தம். மணலில் குந்த இடம் கிடைத்தவர் எல்லோரும் பார்க்கலாம்.

இப்போது அவளே ஒரு படத்தில் நடித்திருந்தாள். பார்க்கத்தான் வழியில்லை.

சல்லிக் கிராமத்தில் பாதிச் சனம் அந்தப் படத்தில் இருந்தது. திருகோணமலைப் பெடியன் இராகுலன் எடுத்த படம். இலட்சுமியின் புருசன் இராசநாயகம் வள்ளக்காரனாகவே வந்தார். ஆனால் படம் தியேட்டருக்கு வரவில்லை. கொழும்புக் கம்பனி ஒன்று வாங்கி, போனில் பார்க்கிற ஏதோ ஒரு அப்பில் விட்டது. அதற்கு பாங்க் கார்ட் வேண்டும், அதுவும் வெளிநாட்டுக்குக் காசு வெட்டுகிற கார்ட். கரைவலை இழுக்கிற வீட்டில் அந்தக் கார்டுக்கு எங்கே போவது?

இராசநாயகத்துக்கோ பொறுத்திருக்க ஏலாது. சீனி வருத்தம் ஒரு கண்ணைத் தின்றுவிட்டது. மற்றதும் கனகாலம் நிற்காது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்.

"என்ர முகத்தைப் படத்தில ஒருக்காப் பார்த்தால் காணுமடி. பிறகு இருட்டினால் இருட்டட்டும்."

அதுதான் இலட்சுமி துறைமுகப் பக்கம் ஹுஸ்னியாவின் போன் கடைக்கு வந்தாள். அங்கே அந்தப் படத்தை மெமரி சிப்பில் சும்மா ஏற்றிக் கொடுக்கிறார்கள் என்று கேள்வி.

"சிப்பைக் குடுங்க அக்கா," என்று ஹுஸ்னியா கை நீட்டிய நேரம் வாசலில் ஒரு வான் நின்றது. இராகுலன் இறங்கினான். பின்னால் கொழும்புக் கம்பனிக்காரர் ஒருவர்.

"ஆரைக் கேட்டு என்ர படத்தை ஏத்துறீங்கள்?" இராகுலன் மேசையில் அடித்தான். "ரெண்டு வருச உழைப்பு! களவெடுத்து விக்கிறீங்களோ?"

"விக்கேல்ல தம்பி. சும்மாதான் குடுக்கிறன்."

"அது அதைவிட மோசம்!"

இலட்சுமிக்கு மனம் நிறைந்துபோயிருந்தது, எங்கள் பெடியன் வந்திருக்கிறான் என்று. "தம்பி, என்னைத் தெரியேல்லையோ? சல்லி. எங்கட வீட்டில சூடை மீன் சொதியோட திண்டனீ..."

இராகுலன் அவள் பக்கம் திரும்பவில்லை. "ஆராயிருந்தாலும் முறையா வாங்கிப் பாருங்கோ அம்மா."

"முறையாவோ? எங்கட மனுசன்ர வள்ளத்தைக் கிழமைக் கணக்கா வைச்சிருந்தனீ. அதை என்ன முறையில வாங்கினனீ?"

அவன் கம்பனிக்காரரைப் பார்த்தான்.

கம்பனிக்காரர் கத்தாமல் ஹுஸ்னியாவைக் கேட்டார். "தங்கச்சி, இது அப்பில் இருந்து எடுத்த பிரதி இல்லை. அதற்கு முதலே வெளியே வந்தது. யார் தந்தது?"

"ஆரோ ஒரு பெடியன் சேர். முகம் ஞாபகமில்ல."

"பரவாயில்லை. நாங்கள் கொடுத்த ஒவ்வொரு பிரதிக்குள்ளும் ஒரு மறைவான அடையாளம் இருக்கு. யாருக்குக் கொடுத்தது என்று அதில் தெரியும்." அவர் ஒரு பென் டிரைவை எடுத்தார். "இதில் ஏற்றித் தாருங்கள், பிறகு அழியுங்கள்."

"அது எதுக்கு சேர்? இந்தா, இப்பவே அழிச்சிடுறன்..."

"ஏத்திக் குடுங்கோ அக்கா," என்றான் இராகுலன். குரல் தணிந்திருந்தது. போய் வாசலில் நின்று வள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரிய மனுசனாம், ஏழைகளோடு ஒரு கடைக்குள் நிற்கவும் ஏலாதாக்கும் என்று இலட்சுமி நினைத்தாள்.

வான் போன பிறகு அவள் சிப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழும்பினாள்.

"எங்க போறீங்க? தாங்க சிப்பை."

"அழிச்சிட்டாய் எல்லோ பிள்ளை?"

"கம்ப்யூட்டரில அழிச்சன். என்ட போனில அழிக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லயே."

"அவன் உன்னைக் கள்ளி எண்டான். மரம் மாதிரிக் கேட்டுக்கொண்டு நிண்டாய்!"

"கத்தத்தானே வேணும் அக்கா, அவரும்," என்றாள் ஹுஸ்னியா. அவள் கண் ஏன் கலங்கியிருக்கிறது என்று இலட்சுமிக்கு விளங்கவில்லை.

அன்று பின்னேரம் இராசநாயகம் போனை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இருந்தார். கதிரைக்குப் பின்னால் அயல் முழுக்கத் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்றது.

"எடியேய், வள்ளத்துத் தண்டு பிடிக்கிற கையைப் பார்! இந்தக் கரையில ஆர் இப்பிடிப் பிடிப்பான்?"

"தெரியுதோ உங்களுக்கு?"

"ஏன் தெரியாமல்? நரை மயிர்கூடத் தெரியுது. இவன் எனக்கு மையெண்டாலும் பூசியிருக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். படம் முடியப் பெயர்கள் ஓடின. ஒரு பெடிச்சி சத்தமாக வாசித்தாள். முதற்பெயர் இராசநாயகம். பிறகு இலட்சுமி. பிறகு சல்லிச் சனம் ஒருவர் விடாமல். எல்லோருக்கும் கீழே, கடைசியாகத்தான் இராகுலன்.

"கண்டியே!" இராசநாயகம் நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்குப் பிறகுதான் டைரக்டர்!"

இலட்சுமிக்கும் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் வாய் விடவில்லை. "பேரைப் போட்டு என்ன? திண்ட வீட்டை மறந்த பயல்."

மாரி தொடங்க இராசநாயகத்துக்கு மற்றக் கண்ணும் போனது. அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தான் நடித்த படத்தை ஒரு காட்சி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொழும்பில் அந்தப் பிரதியின் அடையாளத்தைப் பார்த்தார்கள். அது இராகுலனுக்குக் கொடுத்த பிரதி. அடுத்த படத்துக்கு அவனோடு செய்திருந்த ஒப்பந்தத்தைக் கம்பனி முறித்துக்கொண்டது. அவன் இப்போது கந்தளாயில் கலியாண வீடியோ எடுக்கிறான்.